ஒன்பது நாள் தங்கும் நீர்

துன்மதி ஆண்டு, ஆனித் திங்கள் பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை. வானம் மூடியிருந்தது, மழை இல்லை, புழுக்கம் மட்டும் இருந்தது. முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை ஆண்ட குமுதவழுதி மன்னனின் அவைக்கு, அன்று காலை செம்பாயி என்பவள் பன்னிரண்டாம் முறையாக வந்து நின்றாள்.

அவளுடைய தாழையூர், அரண்மனைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தது. அரண்மனைக் கழிவுநீர் அவ்வூர்க் குளத்தில் விழுந்தது. குளித்த பிள்ளைகளுக்குச் சொறி. குடித்த மாடுகளுக்குக் கழிச்சல். முந்தைய பதினொரு முறையும் கழிவுநீர்ப் பொறுப்பாளர் அபரஞ்சியார் அளித்த விடை ஒன்றே: "ஆவன செய்யப்படும்."

"மறுபடியுமா?" என்று மன்னன் சலித்துக்கொண்டான்.

"நான் வருவதை நிறுத்திவிடுவேன், மகாராசா. சாக்கடை வருவதை யார் நிறுத்துவது?"

அபரஞ்சியார் சினந்தெழுந்தார். "வேந்தே! கழிவுநீர் நான் வெட்டிய மூன்று குழிகளில் தேங்கி, கசடு அடங்கி, மணலிலும் கோரையிலும் ஊறி, ஒன்பதாம் நாளில்தான் குளத்தைச் சேர்கிறது. பளிங்கு போன்ற நீர்! இவள் மூக்கில்தான் கோளாறு."

மன்னன் செம்பாயியைப் பார்த்தான். "அவர் கூற்று மெய்யானால், பொய்ப்புகாருக்குத் தண்டனையாக உன் ஊரார் அனைவரும் நாளையே ஊரைவிட்டு வெளியேற வேண்டும். சம்மதமா?"

அவள் தலையசைத்துவிட்டு, அபரஞ்சியார் பக்கம் திரும்பினாள். "சம்மதம். ஐயா, ஒன்பது நாள் உறுதிதானே?"

"ஒரு நாழிகைகூடக் குறையாது, பெண்ணே!"

"அப்படியானால் பத்து அண்டா மஞ்சள் நீரை இப்போதே அரண்மனைச் சாக்கடையில் ஊற்றச் சொல்லுங்கள், மகாராசா."

ஊற்றினார்கள். ஒன்பது நாளில் எதையும் சரிசெய்துவிடலாம் என்று எண்ணிய அபரஞ்சியார் மீசையைத் தடவிக்கொண்டார். "ஒன்பதாம் நாள் சென்று பார்ப்போம், வேந்தே."

"இன்றைக்கே போவோம்" என்றாள் செம்பாயி.

"இன்று போய் எதைப் பார்ப்பாய்? அங்கே ஒன்றும் இருக்காதே!"

"அந்த ஒன்றுமில்லாததைத்தான் பார்க்க வேண்டும், ஐயா."

மன்னனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பல்லக்கை எடுங்கள்!"

பொழுது சாயுமுன் தாழையூரை அடைந்தார்கள். குளத்தில் வாய்க்கால் விழும் இடத்தில் நீர் மஞ்சளாகச் சுழன்றுகொண்டிருந்தது. மன்னன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"அபரஞ்சியாரே! ஒன்பதாம் நாள் வரவேண்டிய நீர் என் பல்லக்கையே முந்திவிட்டதே!"

"அரண்மனை நீரல்லவா, வேந்தே? தங்கள் புகழைப்போல விரைந்து பரவியிருக்கும்."

"என் புகழ் இப்படியா நாறுகிறது? குழிகளைக் காட்டும்!"

குழிகள் இருக்கவேண்டிய இடத்தில் அபரஞ்சியாரின் மல்லிகைத் தோட்டம் இருந்தது. குழிகளைத் தூர்த்துவிட்டு, சாக்கடையை நேரே குளத்துக்குத் திருப்பியிருந்தார்.

"இவருக்கு என்ன தண்டனை வேண்டும்?" என்றான் மன்னன்.

"தண்டனை எதற்கு, மகாராசா? குளம் தெளியும்வரை ஐயா எங்கள் ஊரிலேயே குடியிருக்கட்டும். இந்தக் குளத்திலேயே குளிக்கட்டும்."

மன்னன் தலையசைக்குமுன், மண்வெட்டி எங்கே கிடைக்கும் என்று அபரஞ்சியார் கேட்டுவிட்டார்.

மறுநாள் மல்லிகை பிடுங்கப்பட்டது. மூன்று குழிகளும் இருபத்திரண்டு நாளில் மீண்டும் வெட்டப்பட்டன. அவற்றின் பொறுப்பு செம்பாயிக்கு அளிக்கப்பட்டது. ஆவணி இறுதியில் குளம் தெளிந்தது. மாடுகள் தேறின. பிள்ளைகளின் சொறி ஆற மேலும் ஒரு மாதம் ஆயிற்று. அபரஞ்சியாரின் சொறி ஆற இரண்டு மாதம் ஆயிற்று.