மன்னரை முந்திய படகு

அநியாயம் நடந்தது செங்கமலத்துக்கு. சங்குமுனைத் துறையில் பாய் தைக்கிறவள். அவள் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான்: பந்தயத்தில் ஜெயித்தாள். அதற்காக அவள் படகைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்கள்.

ஏதோ பெரிய பந்தயம் என்று நினைத்துவிடாதீர்கள். புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் ஊர்க்காரர்கள் பாய்மரப் படகுகளை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். உப்பளத்துக்காரர், மீன்காரர், சாயம் போடுகிறவர், யார் வேண்டுமானாலும் வரலாம். ஆமைப்பாறையைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். முதலில் கரை தொட்ட படகில் ஒரு வாரம் மஞ்சள் கொடி பறக்கும். அவ்வளவுதான். பிறகு எல்லாரும் மணலில் உட்கார்ந்து சுட்ட மீனைத் தின்றுகொண்டே, யார் யாரை இடித்தார்கள் என்று சண்டை போடுவார்கள்.

இந்தச் சந்தோஷம் மன்னர் கண்ணில் பட்டது. அவரும் ஒரு படகோடு வந்து இறங்கினார்.

பதினோரு புதன்கிழமை தொடர்ந்து ஜெயித்தார். எப்படி? அவர் பக்கத்தில் வந்ததும் உப்பளத்துக் காத்தமுத்துவுக்குக் கால் மரத்துப் போகும். சாயக்காரருக்குக் கயிறு சிக்கிக்கொள்ளும். இன்னொருவருக்குத் தும்மல் வந்து துடுப்பு தண்ணீரில் விழும். இத்தனை வீரர்களுக்கும் ஒரே நேரத்தில் உடம்புக்கு வருகிற ஊர் வேறெங்கும் கிடையாது.

பன்னிரண்டாவது புதன் செங்கமலத்துக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. கால் நன்றாக இருந்தது. கயிறும் நன்றாக இருந்தது. மன்னரை முந்திக்கொண்டு கரை தொட்டாள்.

மன்னர் முகம் சுருங்கியது. பிரதானி திருமேனிநாதர் அதைப் பார்த்துவிட்டார். போதாதா?

மறுநாளே படகைக் கட்டி, கொடியைப் பிடுங்கிக்கொண்டு, அவளைச் சபைக்கு இழுத்து வந்து நிறுத்தினார். அங்கே ஓலை எழுதுகிறவள் உலகுடையாள். எழுத்தாணியைவிட நாக்கு கூர்மை என்று பெயர் வாங்கியவள்.

"எழுதம்மா," என்றார் பிரதானி. "காற்றும் கடலும் கைகட்டி நிற்கும் கடல்வென்ற பெருமாள் உத்தரவு. இனிமேல் பந்தயத்தில் மன்னருக்கு முன்னால் யாரும் போகக் கூடாது."

"யாரும் மட்டுந்தானா ஐயா? இல்லை, எதுவுமா?"

"எதுவுந்தான்! ஒரு கொக்குகூடப் போகக் கூடாது!"

"எழுதிவிட்டேன். 'எதுவும்'." அவள் நிமிர்ந்து செங்கமலத்தைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தாள்.

செங்கமலத்துக்கு அது எரிச்சலைத்தான் கிளப்பியது. துறைக்கு வந்தால் காத்தமுத்து வேறு ஆறுதல் சொல்ல வந்தார்.

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல தாயி? நாங்கல்லாம் விட்டுக்கொடுக்கலையா?"

"மரத்துப் போறது உங்க காலுண்ணே. நான் என்னத்துக்கு என் படகை விட்டுக்கொடுக்கணும்?"

சாயங்காலம் உலகுடையாளே துறைக்கு வந்தாள். செங்கமலம் பிடித்துக்கொண்டாள். "சபையில கண்ணடிக்கத் தெரியுதுல்ல, வாயைத் திறந்து ஒரு வார்த்தை எனக்காகப் பேசினா என்னக்கா?"

"பேசினேனே. 'எதுவும்'னு. சரி, ஆமைப்பாறையில இருந்து திரும்பும்போது காத்து எந்தப் பக்கம்டி இருக்கும்?"

"முதுகுப் பக்கம். கடக்காத்துதானே..." செங்கமலம் சட்டென்று நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பாய் தைக்கிறவளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டுமா? நேரே காத்தமுத்துவிடம் போனாள்.

"அண்ணே, மரியாதைன்னீங்களே, வர்ற புதன் எல்லாருமாச் சேர்ந்து நல்லா செஞ்சிருவோம்."

அடுத்த புதன். வெற்றியை உடனுக்குடன் எழுதிக்கொள்ள உலகுடையாளும் பிரதானியும் மன்னர் படகிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆமைப்பாறையை மன்னர் முதலில் சுற்றினார். பின்னாலேயே நாற்பது படகுகள். காத்தமுத்துவின் படகில் சுக்கான் செங்கமலத்தின் கையில். அவள் கையை உயர்த்தினாள். நாற்பது படகும் தோளோடு தோள் சேர்ந்தன. பாயை முழுசாக விரித்து வைத்துக்கொண்டு, நங்கூரக் கல்லைப் பின்பக்கம் இறக்கின. கடலில் காற்றுக்குக் குறுக்கே ஒரு மதில் எழும்பிவிட்டது.

மன்னர் படகின் பாய், நனைந்த வேட்டி மாதிரி தொங்கியது.

"காற்று எங்கே?" என்றார் மன்னர்.

"வருண பகவானுக்குக் கோபம் போலிருக்கிறது," என்றார் பிரதானி. "ஒரு யாகம் செய்தால்..."

"நடுக்கடலிலா?"

"கரைக்குப் போய்த்தான், அரசே."

"கரைக்குப் போக முடிந்தால் யாகம் எதற்கய்யா?"

நாற்பது படகும் வாயை மூடிக்கொண்டு மரியாதையாக நின்றன. ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை. சூரியன் சாய்ந்துகொண்டே போனது. கரையில் மீன் சுடும் புகை தெரிந்தது. மன்னர் வயிறு கூப்பிட்டது செங்கமலத்துக்கே கேட்டது.

"உலகுடையாள், உனக்கு ஏதாவது வழி தெரியுமா?"

"தெரியும் அரசே. அந்த உத்தரவை ரத்து செய்து, செங்கமலத்தின் படகையும் கொடியையும் திருப்பிக் கொடுங்கள். காற்று வரும்."

"முதலில் காற்றைக் கூப்பிடு."

"முதலில் முத்திரை."

பிரதானி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னர் பார்த்த பார்வையில் அடங்கிப்போனார். உலகுடையாள் எழுதி நீட்டிய புது ஓலையில் முத்திரை விழுந்தது. அவள் பழைய ஓலையை ஒடித்து, எல்லாரும் பார்க்கத் தண்ணீரில் போட்டாள்.

செங்கமலம் மறுபடி கையைக் காட்டினாள். நங்கூரக் கற்கள் மேலே வந்தன. படகுகள் விலகின. மன்னரின் பாய் பட்டென்று புடைத்தது. அதைப் பார்க்க அவள் காத்திருக்கவில்லை. அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அந்த வாரமும் கொடி அவளுக்குத்தான்.

கரையில் மன்னர் சுட்ட மீனைப் பிய்த்துக்கொண்டே கேட்டார்: "அது சரி உலகுடையாள், அத்தனை நேரம் காற்று எங்கேதான் போயிருந்தது?"

"எங்கேயும் போகவில்லை அரசே. உத்தரவுப்படி உங்களுக்குப் பின்னால் கைகட்டி நின்றது."