பாலம் கட்டியவர் பதித்த பைப்

ஓய்வுபெற்ற பொறியாளர் ஞானசிகாமணி வாயைத் திறந்தால் அவர் கட்டிய பாலங்கள்தான் வரும். அவை இன்னும் நிற்கின்றனவா என்று யாரும் கேட்டதில்லை. காலனிச் சங்கத் தலைவரும் அவரே. கூடத்துச் சுவரில் டிவியும் ஸ்பீக்கரும் மாட்ட எலக்ட்ரீசியன் தவசியை வரவழைத்தார். வேடிக்கை பார்க்க நாலு விருந்தாளிகள் வேறு.

"ஒரு வயர் வெளியே தெரியக்கூடாது. சுவர்ல உளியும் படக்கூடாது. உள்ளே மேலயிருந்து கீழ வரைக்கும் பைப் இருக்கு, நானே நின்னு பதிச்சது. முடியலைன்னா இந்தக் காலனிப் பக்கம் தலைவச்சும் படுக்காதே."

தவசி சுவரில் தெரிந்த பைப்பின் மேல் ஓட்டையில் வயர் இழுக்கும் கம்பியை விட்டான். நாலு விரல்கடைக்கு மேல் அது போகவில்லை.

"உனக்குத் தள்ளத் தெரியலைடா."

"இருக்கலாங்கய்யா. நீங்களே அதுல வாய வச்சு ஊதுங்க. நான் கீழ் ஓட்டையில கைய வச்சுக்கறேன். காத்து வந்தா வயரும் வந்துடும்."

ஞானசிகாமணி கன்னம் புடைக்க ஊதினார். உள்ளே கிடந்த சிமெண்டுத் தூசி மொத்தமும் திரும்பி வந்து அவர் முகத்தில் அப்பியது. விருந்தாளிகள் காபி டம்ளருக்குள் சிரித்தார்கள்.

"பைப் இருக்குங்கய்யா," என்றான் தவசி. "சுவருக்குள்ள நாலு விரல்கடை. மிச்சமெல்லாம் உங்க பேச்சுல."

ஞானசிகாமணி சிமெண்டைத் துப்பிவிட்டு, "சுவர உடை" என்றார்.