கிழக்கு வாசல் தாழ்ப்பாள்

முன்னொரு காலத்தில், குடும்ப வழக்கென்றாலே கொட்டாவி விடும் ராஜா ஒருவர் இருந்தார். அந்தக் கொட்டாவிக்கு அவர் கண்ட மருந்து நான். வழக்கு ஓலைகளைச் சந்தையில் நான் வாசிக்க வேண்டும், ஊர் சிரிக்க வேண்டும்.

அரண்மனை விகடன் மருதூரான் ஆயிற்றே, நன்றாகவே வாசித்தேன். யார் யாரை அடித்தான், யார் எங்கே ஒளிந்திருக்கிறாள், எல்லாவற்றுக்கும் ஏற்ற இறக்கம் கொடுத்தேன். கை தட்டினார்கள். ஒருநாள் நான் வாசித்த விலாசத்துக்கு ஒருத்தியின் புருஷன் போய்விட்டான். மறுநாள் வழக்கு நடத்த அவள் உயிரோடு இல்லை.

பிறகு இன்னொருத்தி வந்தாள். பெயர் சொல்லமாட்டேன். அரிவாளோடு தேடும் புருஷனுக்குப் பயந்து மகளோடு ஓடிவந்தவள். மகள் தன்னிடமே இருக்க வேண்டும் என்று வழக்கு. அவள் தங்கியிருந்த இடத்தை மட்டும் வாசிக்காமல் விழுங்கிவிட்டேன்.

ராஜா என்னைப் பார்த்துச் சிரிப்பதே பொறுக்காத மந்திரி திருமேனியார், ஓலையும் கையுமாக வந்து நின்றார்.

"பிரபு, விகடர் ஒரு வரியைத் திருடிவிட்டார்."

"ஏனடா மருதூரா?"

"அவள் உயிர் அந்த வரியில் இருக்கிறது, பிரபு."

"யோக்கியமானவளுக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்றார் மந்திரி. "இருக்கும் இடம், வாசல், தாழ்ப்பாள் வரை எழுதி நாளை வாசிக்கட்டும்."

"ஓர் எழுத்து குறைந்தாலும் உன் நாக்கு போகும்" என்றார் ராஜா. கூடவே ஒரு கொட்டாவி.

வரியை மறைக்க முடியாது. அவளை இடம் மாற்றலாமே! என் மனைவி அந்தப்புரத்தில் பூக்கட்டுபவள். ராணியின் காதில் விஷயத்தைப் போட்டாள். பொழுது சாய்வதற்குள் தாயும் மகளும் குடி மாறினார்கள்.

மறுநாள் சந்தையில், ராஜா பல்லக்கில் வீற்றிருக்க, முழங்கினேன்:

"இவள் இருப்பது அரண்மனைக்குள், ராஜாவின் படுக்கையறைக்கு அடுத்த பூக்கட்டும் அறை. வழி, கிழக்கு வாசல். தாழ்ப்பாள் உடைந்து ஏழு மாதம். காவல்காரர் உச்சிவேளையில் சாப்பிடப் போவார்."

"அடேய், நிறுத்துடா! கண்டவனும் உள்ளே வந்துவிட மாட்டானா?"

"யோக்கியர்களுக்கு மறைக்க என்ன இருக்கிறது, பிரபு?"

உச்சிவேளைக்கு அவன் வந்தான், அரிவாளோடு. அன்று மட்டும் காவல்காரரைச் சாப்பிடப் போக வேண்டாமென்று கெஞ்சி வைத்திருந்தேன். அவனைக் கிழக்கு வாசலில் பிடித்தார்கள். ராஜாவைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தோம்.

மாலையே ஆணை பிறந்தது: குடும்ப ஓலைகளை முத்திரையிட்டு வைக்க வேண்டும், நீதிபதி தவிர யாரும் பிரிக்கக் கூடாது. அரிவாள் அந்தப் பெண்களின் வாசலுக்குப் போனவரை வேடிக்கை. ராஜாவின் வாசலுக்கு வந்ததும் சட்டம்.

நடுக்கம் தீர்ந்தபின் ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குப் பட்டுச் சால்வை. மந்திரிக்குத் தாழ்ப்பாள் மாட்டும் வேலை.

மகள் தாயிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது, எங்கே போகிறோம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். என் வாயை எனக்குத் தெரியும். சால்வையால் காதுகளை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.