குழிக்குள் பாடிய சங்கீதம்

சிப்பிக்குடி கோயில் பாடற்குழுவில் தொம்மை, ரோச், சந்தியாகு என்று மூன்று பேர் இருந்தார்கள். மூவருக்கும் நல்ல குரல். புத்தியைப் பற்றிக் கேட்டால் எனக்கு மனசு பதறும்.

நாற்பது வருஷம் அவர்களோடு பாடிய கயித்தான் இறந்துபோனார். ஊரில் இறந்த எல்லாரையும் அடக்கத்தின்போது பழைய லத்தீன் சங்கீதம் பாடி அனுப்பிவைத்தவர். தன் புருஷன் அது இல்லாமல் போய்விடுவாரோ என்று வியாகுலம்மாளுக்கு அழக்கூட முடியாத கவலை.

புதிதாக வந்த சாமியார் காலையிலேயே மூவரையும் உட்காரவைத்துப் பழக்கினார். மூன்று குரலும் ஒரே குரலாகக் கேட்க வேண்டும் என்றார். உடனே ரோச்சும் சந்தியாகும் வாயை மூடிக்கொள்ள, தொம்மை மட்டும் பாடினான். ஒரே குரலாகத்தான் கேட்டது.

சாமியார் தலையில் கைவைத்துக்கொண்டு, சேர்ந்து பாடச் சொன்னார். "இது ஆழத்திலிருந்து கடவுளைக் கூப்பிடுகிறவனுடைய பாட்டு. ஆழத்திலிருந்து வரணும், புரியுதா?"

புரிந்தது. வெளியே வந்து ஆலோசித்தார்கள்.

"கோயில் கிணறு நல்ல ஆழம்" என்றான் ரோச்.

"வாயைத் திறந்தா தண்ணி போகுமேடா" என்றான் சந்தியாகு.

தொம்மை வெகுநேரம் யோசித்தான். "கயித்தான் மாமாவுக்கு வெட்டின குழி காய்ஞ்சுதானே கிடக்கு."

சாயங்காலம் பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் மண்ணுக்குள்ளிருந்து சங்கீதம் எழும்பியது. தூக்கிவந்தவர்களில் இருவர் ஓடிவிட்டார்கள். மற்றவர்கள் நல்லவேளையாகப் பெட்டியைக் கீழே வைத்தார்கள். ஆனால் பாட்டு அத்தனை அழகு. வியாகுலம்மாளுக்கு அப்போதுதான் அழுகையே வந்தது.

ஒரு அடியோடு பாட்டு நின்றுவிட்டது. சாமியார் எட்டிப் பார்த்து, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.

"ஒரு அடி நாங்க, மறு அடி மாமா. எப்பவும் அப்படித்தான் சாமி. அவர் பாடட்டும்னு நிக்கிறோம்."

எவ்வளவோ சொல்லியும் அவர்கள் அசையவில்லை. "எப்படியாவது முடிச்சு வையுங்க சாமி" என்று வியாகுலம்மாள் கெஞ்சினாள். வேறு வழியில்லாமல் சாமியார் பெட்டியருகில் நின்று மறு அடியைப் பாடினார். கீழே இருந்து அடுத்த அடி வந்தது. இப்படியே மாறி மாறிச் சங்கீதம் குறையில்லாமல் முடிந்தது. வியாகுலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நிம்மதி. இனி ஏறி வாங்கப்பா, அவரை இறக்கணும்."

குழிக்குள் குசுகுசுவென்று பேச்சு நடந்தது. பிறகு தொம்மை தலையை நீட்டினான்.

"பெட்டியைத் திறந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க அத்தை. மாமாவுக்குத் தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு, அவ்வளவுதான். இத்தனை அடி பாடின மனுஷனைப் புதைக்க நாங்க விடமாட்டோம்."