கூப்பிடு தூரத்து அருவி

புவியியல் அறிஞர் என்றால் ஊர் ஊராகச் சுற்றுபவர் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இது பெரும் பிழை. பூமி தானே சுற்றிக்கொண்டிருக்கும்போது அறிஞரும் சேர்ந்து சுற்றினால் தலைசுற்றல்தான் மிஞ்சும். இதை முதலில் உணர்ந்தவர் அம்பலவாணர். நாற்காலியை விட்டு எழாமலே ஆறு பயண நூல்கள் எழுதிவிட்டார்.

ஏழாவதற்குத்தான் ஆபத்து வந்தது. ஆறாவதை நம்பிக் கோயிலுக்குப் புறப்பட்ட கல்யாணக் கோஷ்டி ஒன்று செங்கல் சூளையில் போய் இறங்கியிருந்தது. பதிப்பாளர் வயிரவன் நேரில் வந்து சொல்லிவிட்டார்: "வே, கொம்பேறி அருவிக்கு உம்ம புத்தகத்தைப் பாத்து நானே நடக்கப் போறேன். போய்ச் சேந்தா அச்சு. சேரலைன்னா இதோட பேனாவை மூடி வச்சிரும்."

அம்பலவாணருக்குச் சோறு இறங்கவில்லை. உதவியாளர்கள் சடையனையும் பொன்னரங்கனையும் கூப்பிட்டார்.

"பஸ் நிறுத்தத்துலேருந்து அருவி எவ்வளவு தூரம்னு அங்க உள்ளவங்களைக் கேளுங்க. அவங்க சொல்றபடியே அளந்துட்டு வாங்க."

போனார்கள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் சொன்னாள்: "அருவியா? கூப்பிடு தூரந்தான்."

சடையன் பஸ் நிறுத்தத்தில் நின்று, "ஏ அருவி!" என்று கூப்பிட்டான். பதில் இல்லை.

"மரியாதையில்லாமக் கூப்பிட்டா யாருலே பதில் சொல்லுவா?" என்றான் பொன்னரங்கன்.

"அருவியம்மா!"

அதற்கும் பதில் இல்லை. ஆகவே பொன்னரங்கன் அருவியடியில் நின்று, அதன் சார்பில் பதில் சொல்வதென்று முடிவாயிற்று. சடையன் கத்தினான். தண்ணீர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை; பக்கத்தில் வந்து நின்று கத்தியும் கேட்கவில்லை. பொன்னரங்கன் அருவியை விட்டு விலகி வர வர, குரல் தெளிவாகக் கேட்டது. இருவரும் கவலையோடு திரும்பினார்கள்.

"ஐயா, அருவியை நெருங்க நெருங்கத் தூரம் கூடுது. விலக விலகக் குறையுது," என்றான் சடையன்.

"அருவிக்கு அடியிலேயே நின்னா?"

"அங்கதான் ஐயா ரொம்பத் தூரம். பக்கத்துல நின்னு கத்துனேன், இவன் காதுல விழல."

அம்பலவாணர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஈரம் பட்டா மரக்கதவே ஊதிப்போகுது. தூரம் ஊதாதா?" என்றவர் எழுதினார்: 'அருவியை விரைவில் அடைய விரும்புவோர் அதற்கு முதுகு காட்டி நடக்கவும். கூப்பிட்டால் பதில் வரும் இடமே அருவி.'

வெள்ளிக்கிழமை பதிப்பாளர் தலையில் எண்ணெயும் தோளில் துண்டுமாக பஸ்ஸை விட்டு இறங்கி, எழுதியிருந்தபடியே அருவிக்கு முதுகு காட்டி நடந்தார். பின்னால் குடையைப் பிடித்தபடி அம்பலவாணர். வெயில் கொளுத்தியது. முள்காடு முடிந்து பொட்டல் வந்தது.

"வே, தண்ணிச் சத்தமே கேக்கலையே?"

"நெருங்கிட்டோம் அண்ணாச்சி."

எதிரே ஒரு மொட்டைப் பாறை. அதற்கு மேல் வழியில்லை.

"கூப்பிடுங்க அண்ணாச்சி," என்றார் அம்பலவாணர்.

"அருவீ!" என்றார் பதிப்பாளர்.

"அருவீ!" என்றது பாறை.

பதிப்பாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு தன்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தார்.

"தண்ணி கொஞ்சம் சூடுதான் வே," என்று துண்டால் துவட்டிக்கொண்டார். "ஆனா நல்ல குளியல்."

புத்தகம் அச்சாகிவிட்டது. இப்போது அந்தப் பாறையடியில் ஒருவர் எண்ணெயும் துண்டும் விற்கிறார். உடை மாற்ற ஓலைத் தடுப்பும் கட்டியிருக்கிறார்.