எட்டுப் பெட்டி ஏறிய மலை

மஞ்சமலை சமஸ்தானத்தில் மகாராஜா வீரகேசரிக்கு ஒரு சின்ன ரயில் இருந்தது. குறுகலான தண்டவாளம், குட்டையான நீராவி எஞ்சின். அடிவாரத்திலிருந்து மலைமேல் இருக்கும் கோடை அரண்மனைவரை போகும். எஞ்சின்தான் சின்னது. அதில் ஏறுகிறவர்களின் மிடுக்கு மலையைவிடப் பெரியது.

மகாராஜாவின் பிறந்தநாள் விருந்து மேலே. சபையே போக வேண்டும். டிரைவர் சூசைமாணிக்கம் கும்பிட்டுச் சொன்னார்: "ரெண்டு தடவையா போயிடலாம் மகாராஜா. ஏத்தத்துல ஆளுங்களோட நாலு பெட்டிதான் இழுக்கும். எட்டு கோத்தா சக்கரம் வழுக்கும்."

இரண்டாம் தடவை யார் போவது? தளபதி கஜானா அதிகாரியைப் பார்த்தார். கஜானா அதிகாரி கூரையைப் பார்த்தார். பின்னால் போனால் மதிப்புக் குறைந்துவிடுமாம். உட்காரும் இடத்தை வைத்துத் தன்னை எடைபோடும் ஆட்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஒருத்தரும் திருந்தவில்லை.

அவர்களுக்கெல்லாம் பெரிய ஆள் திவான் விசாகநாதர். மன்னரைவிட உயரத்தில் யாரும் உட்காரக்கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தான். போன மாதம் மன்னர் போன வழியில், பலா மரக்கிளையில் உட்கார்ந்து காய் பறித்த தோட்டக்காரனை வேலையைவிட்டே துரத்தினார்.

"எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை மகாராஜா," என்றார் திவான். "ஓட்டுகிறவனுக்குத்தான் உடம்பு வளையவில்லை. எட்டுப் பெட்டியும் மேலே போய்ச் சேரட்டும். சேராவிட்டால் இவனைச் சிறையில் போடுங்கள்."

மகாராஜாவுக்கு விருந்து ஞாபகம். "அப்படியே ஆகட்டும். எட்டுப் பெட்டியும் மேலே வந்து சேர வேண்டும்," என்று உத்தரவு போட்டுவிட்டார்.

சபையின் விகடகவி சடையாண்டி, எஞ்சின் கொட்டகைக்கே போனான்.

"அண்ணே, காலிப் பெட்டின்னா எத்தனை ஏறும்?"

"எட்டும் ஏறும். ஒரு பெட்டியில ரெண்டு பேரு இருந்தாக்கூடப் பரவாயில்ல. ஆனா மத்தவங்க இறங்குவாங்களா? ஆளுக்கொரு தொப்பை வச்சிருக்காங்களேப்பா!"

"தொப்பைய நான் பாத்துக்கறேன். நீங்க கரியும் தண்ணியும் பாருங்க."

நேராக மன்னரிடம் போனான். "மகாராஜா, எஞ்சின் பக்கத்துல உட்கார்ந்தா பட்டு வேட்டியில கரி விழும். உங்க பெட்டி கடைசியில இருந்தா நல்லது."

திவான் முந்திக்கொண்டார். "நல்ல யோசனை! முன்பெட்டிக் கரியை நான் தாங்கிக்கொள்கிறேன் மகாராஜா." எப்பேர்ப்பட்ட தியாகம்!

ரயில் புறப்பட்டது. முன்பெட்டியில் திவான். கடைசிப் பெட்டியில் மன்னர், அவர் காலடியில் சடையாண்டி. பாதி ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. எஞ்சின் பெருமூச்சு விட்டது. ரயில் நின்றது.

"வேண்டுமென்றே நிறுத்திவிட்டான்! பிடியுங்கள் அவனை!" என்று திவான் கத்தினார்.

சடையாண்டி தலையில் அடித்துக்கொண்டான். "அபச்சாரம்! மகாராஜா, முன்னால பாருங்க. திவான் உங்களைவிட உயரத்துல உட்கார்ந்திருக்காரு!"

மன்னர் தலையை நீட்டிப் பார்த்தார். ஏற்றமல்லவா? ஏழு பெட்டியும் அவர் தலைக்கு மேலே இருந்தன. மன்னர் முகம் சிவந்தது.

"நின்றுகொள்கிறோம் மகாராஜா!" என்று திவான் எழுந்தார். சின்ன ரயில், தாழ்ந்த கூரை. 'டங்' என்று சத்தம் கேட்டது. திவான் மறுபடி உட்கார்ந்தார்.

"பாருங்க, மறுபடி உட்கார்றாரு!"

"அந்த டிரைவர் மட்டும்?" என்று திவான் அலறினார்.

"அவரு காலையிலேர்ந்து நின்னுக்கிட்டேதான் ஓட்டறாரு."

"எல்லோரும் இறங்குங்கள்!" என்றார் மன்னர்.

தளபதி இறங்கினார். கஜானா அதிகாரி உருண்டார். ஏழு பெட்டியும் காலி. சூசைமாணிக்கம் தண்டவாளத்தில் மணலைத் தூவி, விசிலை இழுத்தார். எட்டுப் பெட்டியும் மேலே போய்ச் சேர்ந்தன.

திவானுக்குப் போட்டிருந்த இலையில் சூசைமாணிக்கம் பாயசம் குடித்துக்கொண்டிருந்தபோது, சபை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. மன்னர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். தோட்டக்காரனுக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்தார். சடையாண்டி தோளில் தன் பட்டுச் சால்வையைப் போட்டார்.

"சரி சடையாண்டி, இந்த எஞ்சின் எவ்வளவு பாரம்தான் இழுக்கும்?"

"உங்களை இழுக்கும் மகாராஜா. எட்டுப் பெட்டியையும் இழுக்கும். இவங்களைத்தான் இழுக்க முடியல. அதுக்கு உங்களை மாதிரி வருஷக்கணக்கா இழுத்துப் பழக்கம் இல்ல, பாவம்."