படித்துறை மூங்கில்

“சாஸ்திரமா? எந்தச் சாஸ்திரம் அண்ணாச்சி? தலைமுறை தலைமுறையா இங்க பரிகாரச் சாமான் விக்கிறீங்க, சரி. அதுக்காக ஆறு என்ன உங்க வீட்டுக் கொல்லைப்புறமா? என்ன சொன்னீங்க, இன்னொரு தரம் சொல்லுங்க? மண்டபத்தம்மா ஜனங்களோட பாவத்த மூங்கில்ல காயப் போடுறாங்களா? ஆமா, காயத்தான் போடுறாங்க! நீங்க இத்தன காலமா அதத் தண்ணியில ஊறப் போட்டீங்களே, அதுக்கு இது தேவல!”

ஆவுடையப்பனுக்கு நாக்குல சனின்னு ஊரே சொல்லும். தாடி நரைச்சும் சண்டை நரைக்கல. மண்டபத்தம்மாகிட்டயே சண்டை போடத்தான் முதல்ல வந்தான். தன்னைவிட வயசுல சின்னவ, ஆத்தங்கரைக் கல்மண்டபத்துல உக்காந்திருக்கா, அவளத் தேடி வந்து கும்பிடுறானுவளேன்னு எரிச்சல். வாதம் பண்ண வந்தவன் சிஷ்யனாத் தங்கிட்டான். வாதம் மட்டும் இன்னும் முடியல.

அந்தப் படித்துறையில ஒரு வழக்கம். பரிகாரத்துக்கு வர்றவங்க முங்கிக் குளிப்பாங்க, மாத்துத்துணி கட்டுவாங்க, அவுத்த ஈரத்துணிய ஆத்தோட விட்ருவாங்க. துணியோட தோஷமும் போயிரும்னு நம்பிக்கை. தோஷம் எங்க போச்சோ யாருக்குத் தெரியும்? சேலையும் வேட்டியும் நேராப் போயி கீழூர்த் தண்ணிக் குழாய் வாயில அடைச்சுக்கும். ஊரே காலிக் குடத்தோட அலையும்.

ஆவுடையப்பன், ஆத்துல துணி விடாதேன்னு போர்டு எழுதி வச்சான். அந்தப் போர்டு மேலயே மாத்துத்துணியத் தொங்கவிட்டுக் குளிக்கப் போனாங்க. குப்பைத்தொட்டி வச்சான். “சாமி காரியத்துத் துணியக் குப்பையில போடச் சொல்றியே, நீ வெளங்குவியா?”ன்னு ஒரு பொம்பள காறித் துப்பினா. படியில நின்னு கத்தினான். அவன் இருமுற நேரம் பாத்துத் துணிய விட்டாங்க.

“ஜனங்களா இவங்க? எருமைங்க!”ன்னு அம்மாகிட்ட வந்து குதிச்சான்.

“துணிய விடும்போது அவங்க மூஞ்சியப் பாத்தீங்களா, ஆவுடையண்ணே?”

“நான் துணியத்தான் பாத்தேன்.”

மறுநாள் விடியுற நேரம் அம்மா, குளிச்சுக் கரையேறுற வழியில, ரெண்டு கல்தூணுக்கு நடுவுல ஒரு மூங்கிலக் கட்டினாங்க. மஞ்சள் பூசிப் பொட்டு வச்சாங்க. அப்புறம் தானே முங்கி எந்திரிச்சு, மாத்திக்கிட்டு, பழைய சேலைய அலசிப் பிழிஞ்சு மூங்கில்ல போட்டாங்க. கண்ண மூடி ஒரு கும்பிடு. திரும்பிப் பாக்காம நடந்து போயிட்டாங்க.

குளிச்சிட்டு நின்ன ஒருத்தி அதப் பாத்தா. அவளும் போட்டா. அவளுக்குப் பின்னால அவ புருசன். அப்புறம் யாருன்னே தெரியாத ஒரு குடும்பம்.

காஞ்ச துணியக் கீழூர்ப் பொம்பளைங்க வந்து எடுத்துட்டுப் போயி மிதியடி பின்னினாங்க. கத்தல் இல்ல, போர்டு இல்ல. ஆறு ஆறா ஓடுச்சு.

ஆவுடையப்பனுக்குச் சந்தோஷம் வரணுமா இல்லியா? கோவம் வந்துச்சு.

“நான் தொண்டை கிழியக் கத்தினேன், ஒரு பய கேக்கல. நீங்க வாயே தொறக்கல, வரிசையில நிக்கிறானுவ. இது என்னம்மா நியாயம்?”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“விடாதேன்னு சொன்னேன்.”

“அவங்க வந்ததே விடுறதுக்குத்தானேண்ணே.”

அன்னைக்கு முழுக்க ஆவுடையப்பன் யார்கூடயும் சண்டை போடல. காச்சலோன்னு மண்டபத்துல இருந்தவங்க நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க.

அது நடந்து ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. அந்த மூங்கில அவுக்கணும்னுதான் இன்னைக்கு, ஆடி அமாவாசையும் அதுவுமா, சாமான் கடைச் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்து நிக்கிறாரு. ஆத்துல விட்டாத்தான் பரிகாரமாம். அவுக்கலன்னா ஆள் வச்சு அத வெட்டிருவாராம். ஆவுடையப்பன் மூச்சு வாங்கிட்டு அடுத்த ரவுண்டுக்கு வாயத் தொறந்தான். பின்னால அம்மா குரல் கேட்டுச்சு.

“அவுத்துருங்கண்ணே.”

“என்னம்மா பேசுறீங்க? நாளைக்கே கீழூர்ல குழாய் அடைக்கும்!”

“அவுத்துருங்க.”

பல்லக் கடிச்சுக்கிட்டு அவுத்தான். கயிறு கைய அறுத்துச்சு. அண்ணாச்சி மீசையத் தடவிக்கிட்டாரு.

குளிச்சுக் கரையேறினவங்க, பிழிஞ்ச துணியோட வெறுந்தூணுக்கு முன்னால வந்து நின்னுட்டாங்க.

“இங்க ஒரு மூங்கில் இருக்குமே?”

“எங்க அத்தை போன ஆடிக்கு இதுலதான் போட்டுச்சு.”

“முன்னால போங்களேன், கை கடுக்குது!”

“எங்கய்யா போறது? போட இடமில்ல!”

ஆறு பக்கத்துலயேதான் ஓடுது. ஒருத்தரும் அந்தப் பக்கம் திரும்பல. ஆவுடையப்பன் இந்தத் தடவ துணியப் பாக்கல. ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்தான்.

வரிசையில நின்ன ஒரு லாரி டிரைவர் தன் ஈர வேட்டிய முறுக்கி, ரெண்டு தூணுக்கும் நடுவுல இழுத்துக் கட்டினான். ஒருத்தி அது மேல சேலையப் போட்டா. அடுத்தவ துண்டப் போட்டா. வேட்டி பாரம் தாங்காம தொய்ஞ்சு தரையத் தொட்டுச்சு.

“மூங்கில யாரு அவுத்தது?”ன்னு கூட்டத்துல ஒரு குரல் அதட்டுச்சு.

அண்ணாச்சி மெல்ல அம்மா பக்கம் திரும்பினாரு.

அம்மா அவருக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னாங்க.

“அந்த மேல்படியில ஏறி நில்லுங்க அண்ணாச்சி. துணிய எங்க விடணும்னு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி நீங்களே சொல்லுங்க.”